அறுபத்திரண்டாவது நாள்!

ஜூன் 14-ம் தேதி ராத்திரி காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்குப் போயிருக்கிறீர்களா? போகாதவர்கள் ஒரு வருஷமாவது போய்ப் பார்க்கலாம். (கைக்குட்டை அவசியம்.) இரண்டு மாசமாக ஒன்றோடொன்று தோள் உரசித் தூங்கிய விசைப்படகுகள், புதுப் பெயின்ட்டில் மாப்பிள்ளை மாதிரி நிற்கும். அரைத்த ஐஸ் சரசரவென்று படகின் வயிற்றுக்குள் இறங்கும். டீசல், அரிசி, பருப்பு, தண்ணீர் கேன், வெங்காய மூட்டை என்று வரிசையாக ஏறும். முகப்பில் மாலை, எலுமிச்சம்பழம், கற்பூரம். 'இன்னா மச்சி, வலை ஏத்தியாச்சா?' என்று ஒரு படகிலிருந்து இன்னொரு படகுக்குக் குரல் பறக்கும். பன்னிரண்டு அடித்ததும் எஞ்சின்கள் உறும ஆரம்பிக்கும் பாருங்கள், ராயபுரத்தில் தூங்குகிறவர்கள்கூடப் புரண்டு படுப்பார்கள்.

61 நாள் லீவு முடிந்தது. 62-வது நாள், கடல் திறக்கிறது.

இந்த லீவு ஏன் என்று ஆபீஸ் போகிற நமக்கு சரியாகத் தெரியாது. நமக்குத் தெரிந்ததெல்லாம் ஞாயிற்றுக்கிழமை மார்க்கெட்டில் கூடைக்கார ஆயா சொல்லும் விலைதான். மே மாசம் போய் வஞ்சிரம் விலை கேளுங்கள். தலை சுற்றும்.

"இன்னா ஆயா, கிலோ ஆயிரத்துக்கு மேல சொல்றியே?"

"தடைக்காலம் நைனா. போட்டு போவல. ஒனக்கு வோணும்னா எடு, இல்லாங்காட்டி சிக்கன் கட அதோ அங்க கீது."

சிக்கன் கடைக்கு நடந்துவிடுவோம். நம்முடைய கடல் அறிவு அத்தோடு சரி.

விஷயம் இதுதான். தமிழ்நாட்டில் கடல் மீன்பிடிப்பை ஒழுங்குபடுத்த 1983-ல் ஒரு சட்டம் வந்தது. 2001-லிருந்து ஏப்ரல், மே மாதங்களில் 45 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது என்றார்கள். மீன்கள் முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கிற சமயம், கொஞ்ச நாள் விட்டுவைப்போம் என்ற எண்ணம். 2017-ல் அதை 61 நாளாக நீட்டினார்கள். நம் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. கன்னியாகுமரி தாண்டி மேற்குக் கரைக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. இந்த நாட்களில் மீனவக் குடும்பத்துக்கு நிவாரணம் உண்டு. 5,000 ரூபாயாக இருந்ததை 8,000 ஆக்குவதாக 2023-ல் அறிவித்தார்கள். இரண்டு மாசத்துக்கு 8,000. நம் ஆபீஸ் கேன்டீன் பாக்கியே சிலருக்கு அதைவிட அதிகம் இருக்கும்!

ஆனால் இந்தத் தடை எல்லாருக்கும் இல்லை. கட்டுமரம், நாட்டுப் படகு, ஃபைபர் படகு வைத்துக் கரையோரம் பிடிக்கிறவர்கள் 61 நாளும் போகலாம். காசிமேட்டை விட்டு வடக்கே நடந்தால், திருவொற்றியூர் தாண்டி எண்ணூர் வரைக்கும் குப்பத்துக்குக் குப்பம் பெரும்பாலும் ஃபைபர் படகுதான். நெட்டுக்குப்பம், தாழங்குப்பம், முகத்துவாரக்குப்பம், காட்டுக்குப்பம்... பஸ் கண்டக்டர் மாதிரி சொல்லிக்கொண்டே போகலாம். எண்ணூரை மறந்துவிடாதீர்கள், கதை அங்கேதான் போய் நிற்கப் போகிறது. அதற்கு முன்னால் ஒரு சின்ன ஃபாரின் டூர். டிக்கெட் என் செலவு.

அமெரிக்காவில் விஸ்கான்சின் என்று ஒரு மாநிலம். அங்கேயும் இதே மாதிரி ஒரு 'ஓப்பனிங் டே' உண்டு. மீனுக்கு இல்லை, மானுக்கு. நவம்பர் மாசம் தாங்க்ஸ்கிவிங் பண்டிகைக்கு முந்தின சனிக்கிழமை மான் வேட்டை சீசன் திறக்கும். துப்பாக்கிக்கு மொத்தம் ஒன்பதே நாள். அந்த ஒன்பது நாளுக்காக ஐந்தரை, ஆறு லட்சம் பேர் லைசென்ஸ் எடுக்கிறார்கள். தாத்தா, அப்பா, பேரன் என்று மூன்று தலைமுறை விடியற்காலை இருட்டில் காட்டுக்குள் போய் மரத்தின்மேல் உட்கார்ந்திருக்கும். பென்சில்வேனியாவில் ஓப்பனிங் டே அன்று பல பள்ளிக்கூடங்களுக்கே லீவு விட்டார்கள். ரொம்ப காலமாகத் திங்கட்கிழமையாக இருந்த அந்த நாளை 2019-ல் சனிக்கிழமைக்கு மாற்றியதும், நம் ஊரில் தீபாவளி ஞாயிற்றுக்கிழமையில் வந்தால் ஒரு சத்தம் கேட்குமே, அப்படிச் சத்தம் போட்டார்கள்.

வேட்டைக்குப் போகிறவர்கள் பளீர் ஆரஞ்சுச் சட்டை போட வேண்டும். மான் என்று நினைத்து மச்சானைச் சுட்டுவிடக் கூடாது அல்லவா? (2016-லிருந்து விஸ்கான்சினில் பளீர் பிங்க் கலரும் செல்லும். மானுக்கு இரண்டுமே ஒன்றுதான், கலர் சரியாகத் தெரியாது.)

கொண்டாட்டம் கிடக்கட்டும், அதன் பின்னால் இருக்கிற கணக்கு வழக்கைப் பாருங்கள். 1900 வாக்கில் அமெரிக்கா முழுக்க வெள்ளைவால் மான் ஐந்து லட்சம்தான் மிஞ்சியிருந்தது என்கிறார்கள். தோலுக்கும் கறிக்கும் வருஷம் பூராவும் சுட்டுத் தள்ளியதன் பலன். இன்றைக்கு சுமார் மூன்று கோடி! மான் பெருகியதற்குக் காரணங்கள் பல. கறி வியாபாரத்தைத் தடுத்தார்கள், ஓநாயும் குறைந்துபோயிருந்தது. ஆனால் முக்கியமான காரணம், 'எத்தனை இருக்கிறது, எத்தனை எடுக்கலாம்' என்று எண்ண ஆரம்பித்தது.

லைசென்ஸோடு ஒரு டேக் கொடுப்பார்கள். ஒரு டேக்குக்கு ஒரு மான். சுட்டால் மறுநாள் சாயங்காலம் ஐந்து மணிக்குள் பதிவு பண்ண வேண்டும். கொம்புள்ள ஆணுக்குத் தனி டேக், பெண்ணுக்குத் தனி டேக். காரணம் உண்டு. ஒரு கடா பல பெட்டைகளோடு சேரும். அதனால் மந்தை ஏறுவதும் இறங்குவதும் பெட்டைகளின் எண்ணிக்கையில்தான் இருக்கிறது. மான் குறைந்த மாவட்டத்தில் பெட்டை டேக்கைச் சுருக்குவார்கள். கூடிப்போன மாவட்டத்தில் அள்ளி வழங்குவார்கள். கூடினால் என்ன என்று கேட்காதீர்கள். காட்டில் முளைக்கிற கன்றையெல்லாம் மேய்ந்துவிடும், பனிக்காலத்தில் பட்டினி கிடந்து சாகும், ராத்திரி ஹைவேயில் காருக்கு முன்னால் வந்து நிற்கும்.

செத்த மானின் பல் தேய்மானத்தைப் பார்த்து வயசு கண்டுபிடிப்பார்கள். எத்தனை வயசு மான் எவ்வளவு சாகிறது என்று தெரிந்தால், காட்டில் மிச்சம் இருப்பது எவ்வளவு என்று ஓரளவு கணக்குப் போட்டுவிடலாம். பி.காம். படித்தவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். ஓப்பனிங் ஸ்டாக், அதோடு வரவு, அதிலிருந்து செலவு, கடைசியில் க்ளோசிங் ஸ்டாக். வருஷா வருஷம் மானுக்கு டிரேடிங் அக்கவுன்ட் போடுகிறார்கள், அவ்வளவுதான். இதற்கெல்லாம் பணம்? 1937-ல் ஒரு சட்டம் போட்டார்கள். வேட்டைத் துப்பாக்கி, தோட்டா மேல் மத்திய அரசு வசூலிக்கும் 11 சதவீத வரி காட்டுவிலங்குக்கே போகிறது. மான் சுடுகிறவன் காசில் மான் வளர்க்கிறார்கள். கேட்க விநோதமாக இருந்தாலும் வேலை நடக்கிறது.

'அதெல்லாம் வெள்ளைக்காரன் சமாசாரம்ப்பா' என்று பக்கத்தைப் புரட்டப் போகிறவர்கள் ஒரு நிமிஷம் நில்லுங்கள். இதே மாதிரி லைசென்ஸும் சீசனும் நம் தமிழ்நாட்டிலேயே இருந்தது.

ஊட்டிப் பக்கம் போன நூற்றாண்டுக்கு முந்தின நூற்றாண்டில், எஸ்டேட் துரைகளும் வெலிங்டன் பட்டாளத்து ஆபீசர்களும் கடமானையும் வரையாட்டையும் பொழுதுபோகாமல் சுட்டார்கள். ஒரு கட்டத்தில் சுடுவதற்கு ஒன்றும் அகப்படவில்லை. பதறிப்போய் 1877-ல் வேட்டைக்காரர்களே ஒரு சங்கம் ஆரம்பித்தார்கள். இரண்டே வருஷத்தில் சட்டமும் வந்துவிட்டது. அந்த 1879-ம் வருஷச் சட்டத்தின் பெயரைக் கவனியுங்கள்: நீலகிரி வேட்டை விலங்கு மற்றும் மீன் பாதுகாப்புச் சட்டம். மானும் மீனும் ஒரே தலைப்பில்! எந்த மாசம் சுடலாம், எந்த மாசம் கூடாது என்பதை கவர்னர் முடிவு பண்ணி, செயின்ட் ஜார்ஜ் கோட்டை கெஜட்டில் அறிவிப்பார். அதாவது, மீனுக்குத் தடைக்காலம் போடுகிற நம் கோட்டைதான் அன்றைக்கு மானுக்கும் போட்டது.

அந்தச் சங்கத்துக்காரர்கள் பெரிய மகான்கள் என்று நினைத்துவிடாதீர்கள். காட்டில் செந்நாயும் மான் தின்கிறதே என்று பொறாமைப்பட்டு, செந்நாயைக் கொன்றால் பரிசு கொடுத்தார்கள். தொழில் போட்டி! இருந்தாலும், 'இன்றைக்கே எல்லாத்தையும் சுட்டால் நாளைக்கு நமக்கே இருக்காது' என்பது துப்பாக்கி பிடித்த கைக்கே புரிந்ததே, அதுதான் இதில் விசேஷம்.

சுதந்திரத்துக்கு அப்புறம் 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதில்கூட முதலில் சில விலங்குகளுக்கு லைசென்ஸ் வேட்டை இருந்தது. 1991 திருத்தத்தில் அந்தக் கதவையும் இழுத்து மூடிவிட்டார்கள். இன்றைக்கு இந்தியாவில் பொழுதுபோக்குக்கு மான் சுட்டால் நேரே கோர்ட்தான். 1998-ல் ஜோத்பூர் பக்கம் கலைமான் வழக்கில் மாட்டிய சல்மான் கானுக்கு 2018-ல் ஐந்து வருஷத் தண்டனை விதித்தார்கள். அப்புறம் ஜாமீன், அப்பீல் என்று அது ஒரு தனி சினிமா.

ஆக, நம் ஊரில் மானுக்கு ஓப்பனிங் டே கிடையாது. மீனுக்கு மட்டும் இருக்கிறது. காட்டு உயிரைச் சட்டப்படி வேட்டையாடி, ஞாயிற்றுக்கிழமை குழம்பு வைக்கிற உரிமை நமக்கு மிஞ்சியிருப்பது கடலில்தான். அப்படியென்றால் அங்கே கணக்கு எப்படி இருக்கிறது?

ஜூன் 15-க்குத் திரும்பி வருவோம்.

முதல் நாள் போன படகுகளில் சிலது மறுநாளே திரும்பும், சிலது ஒரு வாரம், பத்து நாள் தங்கிப் பிடித்து வரும். முதல் சில நாள் வலை கனமாக வரும். சங்கரா, வவ்வால், இறால், நண்டு, கணவாய் என்று ஏலக்கூடம் களைகட்டும். டி.வி.காரர்கள் மைக்கோடு வருவார்கள். 'விலை குறைந்தது, மக்கள் மகிழ்ச்சி' என்று நியூஸ். அப்புறம் ஒரு மாசம், ரெண்டு மாசத்தில் வலை மெலிந்துவிடும். மறுபடியும் டீசலுக்குக் கட்டவில்லை என்ற புலம்பல்.

ஏன்? 61 நாள் சேர்த்ததை, 62-வது நாளிலிருந்து எவ்வளவு எடுக்கலாம் என்று ஒரு படகுக்கும் கணக்குக் கிடையாது. டேக் இல்லை. மறுநாள் ஐந்து மணிப் பதிவும் இல்லை. எத்தனை டன்னோடு நிறுத்த வேண்டும் என்று சொல்வார் இல்லை. வலைக்கண் அளவுக்கு விதி உண்டு, கரையிலிருந்து ஐந்து கடல் மைலுக்குள் விசைப்படகு இழுவலை போடக் கூடாது என்ற விதியும் உண்டு. விதி உண்டு என்று சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போவதுதான் நல்லது. 2025 ஜனவரியில் சென்னைக் கரையில் ஆயிரத்துக்கும் மேல் ஆமைகள் செத்து ஒதுங்கினபோது, கரையோரம் இழுத்த வலைகளைத்தான் எல்லாரும் கை காட்டினார்கள்.

மான் வேட்டைக்காரனுக்கு ஒரு சௌகரியம். சுடுவதற்கு முன்னால் பார்க்கிறான். குட்டியா, பெட்டையா, கொம்பு இருக்கிறதா என்று கண்ணுக்குத் தெரியும். இழுவலைக்குக் கண் நிறைய இருந்தும் பார்வை கிடையாது. அடியில் இருப்பதையெல்லாம் வழித்துக்கொண்டு வரும். விரல் நீள சங்கரா, தீப்பெட்டி சைஸ் வவ்வால், இன்னும் பேர் வைக்காத பொடிசு எல்லாம் ஏறிவிடும். அதையெல்லாம் யாரும் குழம்பு வைக்க மாட்டார்கள். கொட்டிக் காயவைத்து, கோழித் தீவனத்துக்கும் மீன் தூள் கம்பெனிக்கும் அனுப்பிவிடுவார்கள். மே மாசம் மீன் விலை கேட்டுவிட்டுச் சிக்கன் கடைக்குப் போனோமே, நினைவிருக்கிறதா? அந்தக் கோழி ஒருவேளை நம் வஞ்சிரத்தின் குழந்தையைத் தின்று வளர்ந்ததாக இருக்கலாம்!

படகு ஓட்டுகிறவர்மேல் கோபப்பட்டுப் பிரயோஜனம் இல்லை. அவருக்கு ஐஸ் கடன், டீசல் கடன், வலை கடன். நான் விட்டுவைத்தால் பக்கத்துப் படகுக்காரன் எடுத்துப்போவான் என்ற பயம். தனியாக ஒருத்தன் நல்லவனாக இருந்தால் நஷ்டம் அவனுக்கு மட்டும்தான்.

கேரளத்தில் இதற்கு ஒரு வழி பார்த்தார்கள். எந்த மீன் எவ்வளவு நீளத்துக்குக் கீழே இருந்தால் பிடிக்கக் கூடாது என்று 2015-ல் சில வகைகளுக்கு விதி போட்டு, 2017-ல் அதை 58 வகையாக்கினார்கள். மத்தி 10 சென்டிமீட்டர், அயிலை என்கிற நம்ம கானாங்கத்தை 14 சென்டிமீட்டர். அதற்குக் கீழே இறக்கினால் அபராதம், படகே மாட்டும். கொச்சியில் இருக்கிற மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிலையம் கணக்குப் போட்டுக் கொடுத்தது. மீனுக்கும் வயசு பார்க்கலாம், தெரியுமா? மானுக்குப் பல் என்றால் மீனுக்குக் காதுக்கல். தலைக்குள் இருக்கிற சின்னக் கல்லை எடுத்து பூதக்கண்ணாடியில் பார்த்தால், மரத்தில் இருப்பது போல வளையம் வளையமாகத் தெரியும். கல்லை எண்ணுகிற விஞ்ஞானி இருக்கிறார். அதைக் கேட்டுப் படகைத் திருப்புகிற ஏற்பாடுதான் நம் பக்கம் வந்து சேரவில்லை.

இதுவரை வலையின் கதை. இனிமேல் எண்ணூர்.

வெள்ளை இறால் இருக்கிறதே, அதன் வாழ்க்கை வரலாறு நம் ஊர்ப் பையன்கள் வாழ்க்கை மாதிரி. பிறப்பது ஓரிடம், வளர்வது வேறிடம். தாய் இறால் கடலில் லட்சக்கணக்கில் முட்டை விடும். பொரித்த குஞ்சு கண்ணுக்குத் தெரியாத தூசு. அது அலையோடு மிதந்து, முகத்துவாரம் வழியாக உள்ளே நுழைந்து, உப்பும் நல்ல தண்ணீரும் கலந்த கழிமுகத்துக்கு வரும். அங்கே சேற்றில், அலையாத்திச் செடி வேரடியில் இரண்டு மூன்று மாசம் தின்று கொழுக்கும். ஆளானதும் திரும்பக் கடலுக்குப் போகும். மடவை மீனும் ஏறக்குறைய இப்படித்தான். கடலில் காசிமேட்டு வலையில் விழுகிற இறால், சின்ன வயசில் ஏதோ ஒரு கழிமுகத்தில் ஹாஸ்டலில் இருந்து வந்தது.

சென்னைக்கு வடக்கே அந்த ஹாஸ்டல்களில் ஒன்று, கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் எண்ணூர் முகத்துவாரம். அதற்கும் வடக்கே பழவேற்காடு ஏரி. இரண்டுக்கும் உள்ளூரத் தண்ணீர்த் தொடர்பு உண்டு. இந்தப் பக்கத்து மீனவர்கள் கெஜட்டும் கோட்டையும் வருவதற்கு முன்னாலேயே தங்களுக்குள் ஒரு டேக் முறை வைத்திருந்தார்கள். 'பாடு' என்று பெயர். இன்ன துறையில் இன்ன நாள் இன்ன ஊர்க்காரர்கள் வலை கட்டலாம், மறுநாள் வேறு ஆட்கள் என்று முறை வைத்து, சீட்டுக் குலுக்கிப் பிரித்துக்கொள்வார்கள். நல்ல துறை ஒருத்தனுக்கே போகாது. ஒரே நாளில் எல்லா வலையும் இறங்காது. எம்.பி.ஏ. படிக்காதவர்கள் போட்ட ஏற்பாடு. இதே தண்ணீரில் இருளர்கள் வலையே இல்லாமல், இடுப்பளவு சேற்றில் கையால் தடவித் தடவி இறால் பிடிப்பார்கள்.

அந்த ஹாஸ்டலின் நிலைமையைச் சொல்வதற்கு முன் மானுக்கு ஒரே ஒரு தடவை திரும்பிப் போகணும். அமெரிக்க மான்களுக்கு ஒரு வியாதி வந்திருக்கிறது. 1967-ல் கொலராடோவில் முதலில் கண்ணில் பட்டது, விஸ்கான்சினுக்கு 2002-ல் வந்து சேர்ந்தது. மான் நாளுக்கு நாள் மெலியும், எச்சில் ஒழுக நிற்கும், செத்துப்போகும். மருந்தே கிடையாது. இதில் பெரிய தொல்லை, நோய் மானோடு போவதில்லை. எச்சிலிலும் சாணத்திலும் வெளிவந்து மண்ணில் தங்கிவிடுகிறது. வருஷக்கணக்கில் அந்த மண் நோய் பரப்பும். வேட்டைக்காரர்கள் சுட்ட மானின் தலையைப் பரிசோதனைக்குக் கொடுக்கிறார்கள், அரசாங்கம் வரைபடத்தில் கலர் அடிக்கிறது. துப்பாக்கியைப் பூட்டிவைத்தாலும் மந்தை தேறாது, ஏனென்றால் தரையே சீக்கு.

எண்ணூரில் தரை எப்படி இருக்கிறது?

1970-ல் எண்ணூர் அனல்மின் நிலையம் ஓட ஆரம்பித்தது. 2017-ல் அதை மூடினார்கள். நடுவில் ஆற்றுக்கு அக்கரையில் வட சென்னை அனல்மின் நிலையம் வந்தது. நிலக்கரி எரித்த சாம்பலைத் தண்ணீரில் கரைத்துக் குழாய் வழியாகக் குட்டைக்கு அனுப்புவார்கள். குழாய் கசியும். கசிந்தது ஆற்றில் இறங்கும். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை போன விவகாரம் இது. ஒரு காலத்தில் ஆள் ஆழம் இருந்த இடத்தில் சாம்பல் படிந்து முட்டியளவு ஆகிவிட்டது என்று குப்பத்துப் பெரியவர்கள் சொல்வார்கள். ஃபைபர் படகின் அடி தட்டுகிற ஆழத்தில் இறால் எங்கே போய் வளரும்?

2017 ஜனவரி 28, விடியற்காலை. காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே 'பி.டபிள்யூ. மேப்பிள்', 'டான் காஞ்சிபுரம்' என்ற இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. எண்ணெய் கொட்டிக் கரை முழுக்கக் கருப்பு. அத்தனை பெரிய துறைமுகப் பட்டணத்தில் அதை அள்ளியது எது? பிளாஸ்டிக் பக்கெட்! காலேஜ் பசங்களும் மீனவர்களும் வாளி வாளியாக அள்ளினதை நாடே பார்த்தது.

2023 டிசம்பர். மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து எண்ணெய் பக்கிங்ஹாம் கால்வாயில் இறங்கி முகத்துவாரத்துக்கே வந்துவிட்டது. படகு, வலை, அலையாத்தி வேர், கூழைக்கடா இறக்கை, எல்லாம் எண்ணெய்க் குளியல். இந்தத் தடவையும் பக்கெட், மக். (ஆறு வருஷத்தில் டெக்னாலஜி எவ்வளவோ முன்னேறியும் பக்கெட்டை மட்டும் ஜெயிக்க முடியவில்லை.) அந்த மாசமே 26-ம் தேதி நள்ளிரவில் பெரியகுப்பம் பக்கம் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்து, ஜனங்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு ராத்திரியில் ஓடினார்கள். செத்து மிதந்த மீன் தனிக் கணக்கு.

இது போதாதென்று புதுசாக ஒரு விருந்தாளி. தென் அமெரிக்காவைப் பூர்வீகமாகக் கொண்ட ஒரு வகைச் சிப்பி, இங்கே 'காக்கா ஆழி' என்கிறார்கள். எண்ணூரிலிருந்து பழவேற்காடு வரைக்கும் தரையில் கம்பளம் விரித்த மாதிரி படர்ந்து, இறாலுக்கும் மட்டிக்கும் இடமில்லாமல் அடைத்துக்கொண்டது. கையால் இறால் தடவுகிறவர்களுக்குச் சேறு அகப்படுவதில்லை, கூர் ஓடுதான் அகப்படுகிறது. காலிலும் விரலிலும் ரத்தம். கப்பல்களின் வயிற்றுத் தண்ணீரோடு இந்த மாதிரி ஜந்துக்கள் ஊர் விட்டு ஊர் வருவது உலகம் முழுக்க நடக்கிற கதைதான்.

இப்போது அந்த 61 நாளை மறுபடி பாருங்கள். ஏப்ரல் 15-ம் தேதி காசிமேட்டில் விசைப்படகுக்காரர் வலையை மடித்துவைத்துவிட்டு 8,000 ரூபாய்க்கு வரிசையில் நிற்கிறார். கடலில் தாய் இறால் முட்டையிடுகிறது. குஞ்சு மிதந்து மிதந்து முகத்துவாரத்துக்கு வருகிறது. அங்கே சாம்பல் குழாய்க்குத் தடைக்காலம் இல்லை. எண்ணெய்க்கும் அமோனியாவுக்கும் ஏப்ரல் 15 என்று ஒரு தேதி எந்த கெஜட்டிலும் இல்லை. தாய்க்குப் பிரசவ லீவு கொடுத்துவிட்டு, குழந்தையைப் போடுகிற தொட்டிலில் சாம்பலைக் கொட்டுகிறோம். இதற்கு அப்புறம் ஜூன் மாசம் வலை லேசாக வந்தால் 'மீனவர்கள் அதிகமாப் பிடிக்கிறாங்கப்பா' என்று லெக்சர் வேறு.

தடை வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. வருஷத்தில் ஆறில் ஒரு பங்கு நாள் இழுவலை கடல் தரையைக் கிளறாமல் இருப்பது சின்ன விஷயமா என்ன? 61 நாள் வருமானத்தை விட்டுக்கொடுக்கிறவர்கள் நிஜமாகவே விட்டுக்கொடுக்கிறார்கள். ஆனால் மந்தையைப் பெருக்குகிற வேலையில் மூன்று பார்ட்னர் உண்டு. ஒருத்தர் படகு, ஒருத்தர் ஆலை, ஒருத்தர் அரசாங்கம். மூலதனம் போடுவது ஒரே பார்ட்னர், மற்ற இரண்டு பேரும் டிராயிங்ஸ் மட்டும் எடுத்துக்கொண்டே இருந்தால், அந்த ஃபர்மின் பேலன்ஸ் ஷீட் எப்படி இருக்கும் என்று முதல் வருஷ காமர்ஸ் மாணவனே சொல்லிவிடுவான்.

நம்மால் ஆனது ஒன்று இருக்கிறது. ஜூன் கடைசியில் மார்க்கெட்டுக்குப் போகும்போது, கூடையில் முழங்கை நீளம்கூட இல்லாத வஞ்சிரத்தை 'குட்டி வஞ்சிரம் சார், முள்ளே இருக்காது' என்று நீட்டுவார்கள். அது ஒரு தடவைகூட முட்டையிடாத கன்னிப்பிள்ளை. முக்கால் மீட்டர் நீளத்தை நெருங்கினால்தான் வஞ்சிரம் தாயாகும். 'இது வேணாம் ஆயா, பெருசு வெட்டிக் குடு' என்று கேளுங்கள். நாலு பேர் கேட்டால் ஆயா ஏலத்தில் குட்டியை எடுக்க யோசிப்பார். மொத்த வியாபாரத்தில் இது கடுகளவு என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் துண்டு போட முடியாத மீனுக்கு ஏன் துண்டு விலை கொடுக்க வேண்டும்?

இன்னொரு சமாசாரம். டி.வி.யில் 62-வது நாள் கொண்டாட்டம் பார்க்கும்போது, எண்ணூர் பக்கமும் இப்படித்தான் இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். அங்கே அன்றைக்கு மாலை, கற்பூரம் ஒன்றும் கிடையாது. ஏப்ரல், மே இரண்டு மாசமும் விசைப்படகு மீன் வராததால், ஃபைபர் படகில் கொண்டுவருகிற நாலு கூடைக்குக் கொஞ்சம் நல்ல விலை கிடைத்துக்கொண்டிருந்தது. வருஷத்தில் அவர்களுக்கு விலை தூக்குகிற சீசனே அதுதான். காசிமேட்டில் டன் கணக்கில் மீன் இறங்கின அன்றைக்கே அந்த விலை சரிந்துவிடும். அன்று விடியற்காலையும் வழக்கம்போல அவர்கள் படகைத் தள்ளிக்கொண்டு முகத்துவாரம் தாண்டிப் போவார்கள், அடி தட்டாத இடமாகப் பார்த்து.